எந்த யூஆர்எல்?

சக புரோகிராமர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் நான் அடிக்கடி போடும் கமெண்ட் ஒன்று உண்டு: "எந்த யூஆர்எல்?" அவ்வளவுதான். அணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் முழிப்பார்கள். "இந்த வேரியபிளில் இருக்கிறதே, அதுதாங்க" என்று பதில் வரும். நான் கேட்பது அதை இல்லை. அந்த ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, எந்த விதிப்புத்தகத்தை வைத்து வாசித்தீர்கள் என்பதுதான் கேள்வி. யூஆர்எல்லுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, இன்று இரண்டு விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. நாம் தினமும் இழுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த தயார் நிரல்கள்) பலவும், தான் எதன்படி நடக்கிறோம் என்று வாயைத் திறப்பதே இல்லை.

நான் பார்ப்பது வெப்ஹூக் அனுப்பும் வேலை. வாடிக்கையாளர் ஒரு முகவரி கொடுப்பார். ஏதாவது நடந்தால் எங்கள் சர்வர் அந்த முகவரிக்கு ஒரு செய்தி அனுப்பும். கேட்க எளிது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் தட்டச்சு செய்த முகவரியைத் தேடி, எங்கள் நெட்வொர்க்குக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு சர்வர் போய்க் கதவைத் தட்டப்போகிறது என்று சொல்லிப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். அந்த முகவரி உள்ளேயே இருக்கும் இன்னொரு மெஷினுடையதாக இருந்தால்? அதனால் அனுப்பும் முன் ஹோஸ்ட் எது, அதாவது முகவரி குறிக்கும் மெஷின் எது, என்று பார்க்க வேண்டும், உள் முகவரி என்றால் மறுக்க வேண்டும். ஹோஸ்ட் எது என்று பார்ப்பதில்தான் எல்லா வம்பும்.

ஓர் உதாரணம். இந்தப் பதிவில் முகவரிகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். முன்னால் எச்டிடிபிஎஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். '.பரிட்சை' என்ற முடிவு நான் கற்பனை செய்தது அல்ல. 2007இல், டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, பிற எழுத்துமுறைகளில் டொமைன் பெயர்கள் வேலை செய்யுமா என்று பார்க்கச் சோதனைக்காக விட்ட மேல்நிலைப் பெயர்களில் அதுவும் ஒன்று. 'உதாரணம்.பரிட்சை' என்றே ஒரு தளம் இருந்தது. இப்போது அந்த முடிவு புழக்கத்தில் இல்லை, ஆகவே யாருக்கும் தொந்தரவு வராது.

//வங்கி.பரிட்சை\@திருடன்.பரிட்சை/கணக்கு

இது எந்த ஹோஸ்டுக்குப் போகும்? குரோம், ஃபயர்பாக்ஸ், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் உள்ள புதிய யூஆர்எல் கிளாஸ் ஆகியவற்றைக் கேட்டால் வங்கிக்கு என்பார்கள். பிரவுசர் உலகத்தில் பேக்ஸ்லாஷும் ஸ்லாஷும் ஒன்றுதான். ஆகவே ஹோஸ்ட் பேக்ஸ்லாஷோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பாத், அதாவது அந்த ஹோஸ்டில் எந்தப் பக்கம் என்பது. பைத்தான் மொழியில் முகவரியைத் துண்டு போடும் யூஆர்எல்ஸ்பிளிட்டைக் கேட்டால் திருடனுக்கு என்கிறது. அதற்குப் பேக்ஸ்லாஷ் வெறும் எழுத்து. முதல் ஸ்லாஷ் வரை எல்லாம் ஒரே துண்டு, அதில் அட்-குறிக்கு முன்னால் இருப்பது பயனர் பெயர், பின்னால் இருப்பது ஹோஸ்ட். சோதனையை ஒருவரிடமும் அனுப்பும் வேலையை இன்னொருவரிடமும் கொடுத்தால், சோதித்தது ஒரு வீடு, போய்ச் சேர்ந்தது வேறு வீடு.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2017 பிளாக் ஹேட் மாநாட்டில் ஆரஞ்ச் ட்சாய் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த வகை முரண்பாடுகளை மொழி மொழியாக எடுத்து வைத்துக் காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கு வந்த ஓட்டையை மட்டும் ஒட்டுப் போட்டு அடைத்தது. ஓட்டைக்குக் காரணமான கேள்விக்கு, அதாவது 'எந்த யூஆர்எல்?' என்பதற்கு, பதில் சொன்னவர்கள் குறைவு.

அந்த இரண்டு புத்தகங்கள் எவை என்று சொல்லிவிடுகிறேன். முதலாவது, இணையத் தர ஆவண வரிசையான ஆர்எஃப்சியில் 3986ஆம் எண். 2005 ஜனவரியில் வந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதியது. 1994இல் வந்த ஆர்எஃப்சி 1738இன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். இலக்கண நூல் மாதிரி இருக்கும். எது சரியான யூஆர்ஐ (யூஆர்எல்லையும் உள்ளடக்கிய பொதுப்பெயர்) என்று துல்லியமாகச் சொல்லும். சரியில்லாததை என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம். இரண்டாவது, பிரவுசர் தயாரிப்பாளர்களின் வாட்டபிள்யூஜி குழு வைத்திருக்கும் யூஆர்எல் ஸ்டாண்டர்ட். இது இலக்கணம் இல்லை, படிப்படியான அல்காரிதம். எவ்வளவு கோணலான ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் அடுத்த எழுத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். முன்னால் இடைவெளி இருக்கிறதா, வெட்டிவிடு. நடுவில் டேப் இருக்கிறதா, நீக்கிவிடு. பேக்ஸ்லாஷா, ஸ்லாஷாக எடுத்துக்கொள். ஹோஸ்ட் இடத்தில் 2130706433 என்று ஒரே எண் இருக்கிறதா, அது 127.0.0.1, அதாவது இதே மெஷின். இணையத்தில் முப்பது வருடமாகச் சேர்ந்த குப்பையை எல்லாப் பிரவுசரும் ஒரே மாதிரி கையாள வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் அது ஜெயித்தும் விட்டது.

இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால் இரண்டுமே நல்லதுதான், வேலையைப் பொறுத்தது. பக்கத்தில் கிடக்கும் லிங்கைத் தொடர்வதா, பிரவுசர் எப்படி வாசிக்குமோ அப்படியே வாசியுங்கள். கான்ஃபிக் கோப்பில் மனிதர் எழுதும் முகவரியா, கண்டிப்பான இலக்கணம் போதும், பேக்ஸ்லாஷ் வந்தால் முகத்தில் அடித்த மாதிரி எர்ரர் கொடுங்கள். எனக்குக் கோபம் வருவது மூன்றாவது வகையைப் பார்த்தால். கொஞ்சம் இது, கொஞ்சம் அது, மேலே 2009இல் யாரோ போட்ட இஃப், அதற்கும் மேலே போன மாதம் வந்த பாதுகாப்புத் திருத்தம். இப்படி ஒரு பார்சர், அதாவது முகவரியைப் பிரித்து வாசிக்கும் நிரல்.

பைத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் எழுதும் மொழி, பாசமும் உண்டு. அதன் யூஆர்எல்பார்ஸ் ஆவணத்திலேயே, இது உள்ளீட்டைச் சரிபார்க்காது, தூய்மையை விட நடைமுறைப் பயன்தான் நோக்கம் என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். சரி. 2021இல் டேப், புதுவரி எழுத்துகளை நீக்கும் வழக்கத்தை வாட்டபிள்யூஜியிலிருந்து கொண்டு வந்தார்கள். முகவரிக்கு முன்னால் ஒரு இடைவெளி போட்டால் ஸ்கீமும் (எச்டிடிபிஎஸ் போன்ற முன்பகுதி) ஹோஸ்டும் காலியாக வந்து, தடைப்பட்டியல்கள் ஏமாந்துபோயின. 2023இல் அதையும் வாட்டபிள்யூஜி வழியில் வெட்ட ஆரம்பித்தார்கள். பேக்ஸ்லாஷை மட்டும் தொடவில்லை. இப்போது அது எந்தப் புத்தகம்? இரண்டும் இல்லை. ஒவ்வொரு திருத்தமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம்தான், நானே அந்த இடத்தில் இருந்தால் மெர்ஜ் செய்திருப்பேன். சேர்த்துப் பார்த்தால், எந்தத் தரத்தையும் படித்து இதன் நடத்தையை ஊகிக்க முடியாது.

பைத்தான் பற்றிய இன்னொரு சங்கதி, தமிழ் வாசகர்களுக்காக. பைத்தானில் தமிழ் எண்களைக் கொடுத்தாலும் இன்ட் ஃபங்ஷன் எண்ணாக மாற்றிக் கொடுக்கும். ஹோஸ்டை அடுத்து வரும் போர்ட் எண்ணைப் படிக்கப் பழைய பதிப்புகள் அந்த ஃபங்ஷனைத்தான் நம்பியிருந்தன. ஆகவே ஹோஸ்டுக்குப் பின்னால் :௮௦ என்று எழுதினால் போர்ட் 80 என்று மரியாதையாக வாங்கிக்கொண்டது. எந்தத் தரத்திலும் இதற்கு இடம் இல்லை. பிறகு சரிசெய்துவிட்டார்கள். எனக்கு லேசான வருத்தம்.

கண்டிப்பு என்ற பெயரில் இன்னொரு ஏமாற்று நடக்கிறது. ஆர்எஃப்சி 3986இன் பின்னிணைப்பில் ஒரு ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வாய்பாடு, இருக்கிறது:

^(([^:/?#]+):)?(//([^/?#]*))?([^?#]*)(\?([^#]*))?(#(.*))?

"நாங்கள் ஆர்எஃப்சியைப் பின்பற்றுகிறோம்" என்று சொல்லும் லைப்ரரியின் உள்ளே போய்ப் பார்த்தால் சில சமயம் இது ஒன்றுதான் இருக்கும். எல்லாத் துண்டுகளும் விருப்பத்துக்குரியவை என்பதைக் கவனியுங்கள். வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தாலும் பொருந்தும். இந்தப் பத்தியை முழுதாகக் கொடுத்தாலும் பொருந்தும். இது ஏற்கனவே சரியாக இருக்கும் முகவரியைத் துண்டு போடத்தான், சரியா தவறா என்று பார்க்க இல்லை. ஆர்எஃப்சியின் இலக்கணப்படி பேக்ஸ்லாஷ் ஒரு யூஆர்ஐயில் வரவே கூடாது. திருடன் முகவரியை அது திருடனுக்கும் அனுப்பாது, வங்கிக்கும் அனுப்பாது. செல்லாது என்று திருப்பித்தான் அனுப்பியிருக்க வேண்டும். வெட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு இலக்கணத்தை விட்டுவிட்டால் ஆர்எஃப்சியின் பெயரைச் சொல்ல உரிமை இல்லை என்பது என் கட்சி.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிஎச்பி. கேலி செய்தே பழகிய மொழி. அதன் பழைய பார்ஸ்-யூஆர்எல் ஃபங்ஷன் மூன்றாவது வகைக்கு இலக்கணம் மாதிரி இருந்தது. 2025 நவம்பரில் வந்த 8.5 பதிப்பில் அவர்கள் இரண்டு கிளாஸ்களைச் சேர்த்தார்கள். ஒன்றின் பெயரில் ஆர்எஃப்சி 3986 என்றே இருக்கிறது, மற்றதன் பெயரில் வாட்டபிள்யூஜி என்றே இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ் இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். முதலில் இதைப் பார்த்தபோது அசௌகரியமாகத்தான் தோன்றியது, ஒரு ஃபங்ஷன் இரண்டையும் வாங்கிக்கொண்டால் என்ன என்று. யோசித்தால், அந்த அசௌகரியம்தான் விஷயமே. இரண்டிலும் ஹோஸ்டைத் தரும் மெத்தட் இருந்தாலும் அவை கொடுக்கும் பதில் ஒரே பொருள் கொண்டதல்ல. டைப் சிஸ்டம் அதை மறைத்துவிட்டால் என் ரிவ்யூ கமெண்டுக்கு வேலை போய்விடாது, கூடிவிடும். இப்போது பிஎச்பி கோடில் 'எந்த யூஆர்எல்?' என்று நான் கேட்கத் தேவையில்லை. டைப்பைப் படித்தால் போதும்.

ரூபியிலும் பார்சர்களின் பெயரில் ஆர்எஃப்சி எண் உண்டு. ஆனால் 'இயல்பு பார்சர்' என்று ஒன்று இருந்து, அது 3.4 பதிப்பில் பழைய ஆர்எஃப்சி 2396இலிருந்து 3986க்கு மாறியது. பெயர் இருந்தும் யாரும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் வைத்தால் மட்டும் போதாது, கூப்பிட வைக்க வேண்டும்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. அடுத்தது இதைவிட முக்கியம்: ஒரு முகவரியை ஒரே ஒரு முறைதான் வாசிக்க வேண்டும்.

பல கோட்பேஸ்களில் நான் பார்ப்பது இதுதான். முகவரி ஸ்ட்ரிங்காக வருகிறது. பார்ஸ் செய்து ஹோஸ்டைச் சோதிக்கிறார்கள். பார்ஸ் செய்த ஆப்ஜெக்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஸ்ட்ரிங்கையே எச்டிடிபி கிளையன்டிடம் (இணைப்பைத் திறந்து செய்தி அனுப்பும் லைப்ரரி) கொடுக்கிறார்கள். கிளையன்ட் தன் சொந்தப் பார்சரில் மறுபடி வாசிக்கிறது. இரண்டும் வேறு பார்சர்கள், வேறு ஆட்கள் எழுதியவை, சில சமயம் வேறு மொழியில் எழுதியவை. இதற்குப் புரோகிராமரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. கிளையன்ட் ஸ்ட்ரிங்கை மட்டும்தான் வாங்கும் என்றால் அவர் என்ன செய்வார்?

ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே லைப்ரரியின் ஓட்டை விவகாரம் நினைவிருக்கும். 2021 டிசம்பர், யாரும் தூங்காத வாரம். முதல் ஓட்டையை அடைத்து வந்த 2.15.0 பதிப்பில், எல்டேப் (வேறு சர்வரில் விவரம் தேடும் நெறிமுறை) தேடலை இதே மெஷினுக்கு மட்டும் அனுமதிக்கும் ஒரு பட்டியல் வைத்தார்கள். சில நாட்களில் அதையும் தாண்டினார்கள். எப்படி? ஹோஸ்ட் இடத்தில் இப்படி எழுதி (இங்கே முன்னால் இருப்பது எல்டேப்):

//127.0.0.1#.திருடன்.பரிட்சை

சோதித்த ஜாவா யூஆர்ஐ கிளாஸுக்கு ஹேஷ் குறியோடு ஹோஸ்ட் முடிந்தது. 127.0.0.1, அனுமதி உண்டு, போகலாம். உண்மையில் இணைப்பைத் திறந்த எல்டேப் பகுதி தன் வழியில் மறுபடி வாசித்தது. அதற்கு ஹேஷும் பெயரின் ஒரு பகுதி. சில இயங்குதளங்களின் பெயர் தேடலும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. திருடனின் டிஎன்எஸ், அதாவது பெயருக்கு ஐபி எண் சொல்லும் சர்வர், பதில் சொன்னது. இரண்டு பார்சரும் அவரவர் அளவில் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. இருவரையும் ஒரே ஸ்ட்ரிங்கை வாசிக்கவிட்டதுதான் கோளாறு.

முகவரியைக் கொடுத்தால் தரவை எடுத்துத் தரும் கர்ல் என்ற கருவி இதை அழகாகக் கையாள்கிறது. அதை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் இரண்டு தரங்களையும் முழுதாக ஏற்றுக்கொள்ளாதவர். கர்லின் பார்சர் ஆர்எஃப்சி 3986ஐ அடிப்படையாக வைத்து, கூடுதலாகச் சிலதை அனுமதிக்கிறது. ஸ்கீமுக்குப் பின்னால் ஒன்று முதல் மூன்று ஸ்லாஷ் வரை பொறுத்துக்கொள்ளும். அந்தத் தேர்வில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 2018இல் அவர் பார்சரைத் தனியாக வெளியே எடுத்து ஒரு ஏபிஐ ஆகக் கொடுத்தார். பிறகு, பார்ஸ் செய்த அந்த ஹேண்டிலையே நேராகப் பரிமாற்றத்துக்குக் கொடுக்கும் வசதியையும் சேர்த்தார். சோதித்த ஆப்ஜெக்டே இணைப்பைத் திறக்கிறது. நடுவில் ஸ்ட்ரிங் இல்லை. எந்தத் தரம் என்பதில் அவரோடு சண்டை போடலாம், எத்தனை முறை வாசிப்பது என்பதில் சண்டை இல்லை.

எச்டிடிபி கிளையன்ட் எழுதுபவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பார்ஸ் செய்த டைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டபின் உள்ளே ரகசியமாக டூஸ்ட்ரிங் போட்டு மறுபடி பார்ஸ் செய்யாதீர்கள். ஏற்றுக்கொள்வதுபோல் காட்டி உள்ளே அதையே செய்யும் லைப்ரரிகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி, நான் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட விஷயம். அந்தத் தரப்பின் பெயர் வேண்டாம். ஒரு சேவை எங்களுக்குக் கையொப்பமிட்ட டவுன்லோட் லிங்குகளைத் தரும். கண்காணிப்புக்கான பாராமீட்டர்கள் நீங்கலாக, கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கும் அத்தனை எழுத்தையும் அப்படியே வைத்துக் கையொப்பம் கணக்கிடுவார்கள். லிங்க் எங்களுக்கு வரும் வழியில் அவர்களுடைய இன்னொரு அடுக்கு, அந்தக் கண்காணிப்புப் பாராமீட்டர்களை நீக்கிவிட்டு அனுப்பும். அவற்றைக் கையொப்பத்தில் சேர்ப்பதில்லை என்பதால் நீக்கினால் பிரச்சினை வரக்கூடாது. ஆனால் சில லிங்குகள் மட்டும் 403, அதாவது அனுமதி மறுப்பு, கொடுத்தன. பெரும்பாலானவை ஓடின. வடிவம் எதுவும் பிடிபடவில்லை.

கடைசியில் பார்த்தால், ஓடாத லிங்குகளில் எல்லாம் எங்காவது ஒரு டில்டா குறி (~) இருந்தது. நீக்கும் வேலையை ஜாவாஸ்கிரிப்டின் சர்ச்பாராம்ஸ் செய்துகொண்டிருந்தது. அதில் ஒரு பாராமீட்டரைத் தொட்டால் போதும், மொத்த குவெரியையும் (கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள பகுதி) ஃபார்ம் விதிப்படி திரும்ப எழுதிவிடும். டில்டா %7E என்ற விழுக்காட்டுக் குறியீடாகிவிடும். விழுக்காடு-இருபது என்று இருந்த இடைவெளி பிளஸ் ஆகிவிடும். மதிப்பே இல்லாமல் நின்ற பெயருக்குப் பின்னால் சமக்குறி முளைக்கும். இது பக் இல்லை. யூஆர்எல் ஸ்டாண்டர்டிலேயே, சர்ச்சும் சர்ச்பாராம்ஸும் வேறு வேறு விதமாகக் குறியேற்றும் என்று குறிப்பு இருக்கிறது. தொடாத பகுதியைத் தொடாமல் விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்முடையது, தரத்தினுடையது அல்ல.

இதிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எந்த யூஆர்எல் ஆப்ஜெக்டும் தனக்குக் கொடுத்த மூல எழுத்துகளைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கோ மொழி இதைச் சிரமப்பட்டுக் கற்றது. ஆரம்பத்தில் அதன் பாத் ஃபீல்டில் குறியிறக்கிய (விழுக்காட்டுக் குறியீட்டை எழுத்தாக மாற்றிய) வடிவம் மட்டும்தான். பாத்தின் உள்ளே குறியேற்றி வைத்த ஸ்லாஷும் உண்மையான ஸ்லாஷும் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. 1.5 பதிப்பில் ராபாத் என்ற ஃபீல்டைப் பக்கத்தில் ஒட்டினார்கள். இன்றைக்கும் பலர் பாத்தைத்தான் எடுக்கிறார்கள், பெயர் சின்னதாக இருப்பதால். பிஎச்பியின் புதிய ஆர்எஃப்சி கிளாஸில் மூலத்துக்கு ஒரு மெத்தட், சீராக்கிய வடிவத்துக்கு ஒரு மெத்தட் என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இருக்கும் வசதி.

சீராக்குவது என்றதும் நமக்கே உரிய ஒரு சிக்கல். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ொ என்ற ஒரே குறி, அல்லது க-வுக்குப் பின் ெ, ா என்று இரண்டு குறிகள். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. முதல் வடிவம் முகவரியில் 18 எழுத்து, இரண்டாவது 27. ஹோஸ்ட் பெயரில் வந்தால் பரவாயில்லை. அங்கே டொமைன் பெயர் விதிகள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடும். பாத்தில் வந்தால் இரண்டு தரங்களும் தொடாது, அவை இரண்டு வேறு முகவரிகள். பிரித்துச் சேமிக்கும் பழைய மேக் கோப்பு முறையிலிருந்து 'கொக்கு' என்ற கோப்பை ஏற்றி, கீபோர்டில் 'கொக்கு' என்று தட்டி லிங்க் கொடுத்தால் 404. கண்ணுக்கு முன்னால் கோப்பு இருக்கிறது, சர்வர் இல்லை என்று சாதிக்கிறது.

இதை லைப்ரரி தானாகச் சரிசெய்ய வேண்டுமா? கூடாது என்பேன். சரிசெய்தால் பிரித்து எழுதிய பெயரில் உண்மையிலேயே இருக்கும் கோப்பை யாராலும் எடுக்க முடியாது. கேட்டால் செய்து தரும் ஒரு ஃபங்ஷன் இருந்தால் போதும்.

ஒப்பிடுவதிலும் இதே நிலை. ஆர்எஃப்சிப்படி சீராக்கினால் குறியேற்றிய டில்டாவும் வெறும் டில்டாவும் சமம். வாட்டபிள்யூஜிப்படி சமம் இல்லை. ஆகவே சமமா என்று கேட்கும் மெத்தடும் எந்தப் புத்தகத்தின்படி என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஜாவாவின் பழைய யூஆர்எல் கிளாஸைச் சொல்லாமல் போனால் பாவம். அதன் ஈக்வல்ஸ் இரண்டு ஹோஸ்ட் பெயர்களையும் டிஎன்எஸ்ஸில் தேடி, ஒரே ஐபிக்குப் போனால் சமம் என்று சொல்லும். ஒரே மெஷினில் பல தளங்கள் இருந்தால் அத்தனையும் ஒன்று. ஒரு ஹேஷ்செட்டில் யூஆர்எல்லைப் போடுவதற்கு நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் அறுந்தால் பதில் மாறும். இது நிரலைக் காத்திருக்க வைக்கும் செயல் என்று ஆவணத்தில் எழுதிவிட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள், மாற்றினால் பழைய கோட் உடையும் என்று. ஜாவா 20இல் அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர்களுக்கு மட்டும் ஓய்வு அறிவித்து, யூஆர்ஐ வழியாக வரச் சொன்னார்கள்.

பழைய கோட் உடையும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், உண்மையாகவே. அதனால்தான் பழைய ஃபங்ஷனைத் திருத்தாதீர்கள், புதிய பெயரில் புதிய டைப் கொடுங்கள் என்கிறேன். நோடும் அதைத்தான் செய்தது. பழைய பார்ஸ் ஃபங்ஷனைப் பாதுகாப்புச் சிக்கல் உள்ளது என்று ஆவணத்தில் எச்சரித்து ஓரம் கட்டிவிட்டு, பக்கத்தில் புதிய கிளாஸை வைத்தது.

பொறுத்துக்கொள்ளும் பார்சர்களிடம் இன்னொரு கேள்வி: பொறுத்துக்கொண்டதை ஏன் சொல்வதில்லை? வாட்டபிள்யூஜி தரத்தில் 'வேலிடேஷன் எர்ரர்' என்று ஒன்று உண்டு. பேக்ஸ்லாஷ் வந்தால், டேப் வந்தால், பயனர் பெயர் வந்தால் அல்காரிதம் அதைக் குறித்துக்கொண்டு மேலே போகும், நிற்காது. இந்தத் தகவல் எனக்குத் தங்கம். வெப்ஹூக் பதிவு செய்யும் படிவத்தில், உங்கள் முகவரியில் பேக்ஸ்லாஷ் இருக்கிறதே, சரிதானா என்று கேட்கலாம். பிரவுசரின் யூஆர்எல் கிளாஸ் அதை வெளியே விடுவதே இல்லை. ரஸ்ட் மொழியின் யூஆர்எல் கிரேட் (அங்கே லைப்ரரிக்கு அந்தப் பெயர்) ஒரு கால்பேக் வழியாகத் தருகிறது. பிஎச்பியின் புதிய வாட்டபிள்யூஜி கிளாஸும் பார்ஸ் செய்யும்போது ஓர் அரேயில் போட்டுத் தருகிறது. மற்றவர்கள் கணக்கிட்டோ கணக்கிடாமலோ தூக்கிப் போடுகிறார்கள்.

ஏற்பதில் தாராளம் காட்டு, அனுப்புவதில் கண்டிப்பாக இரு என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980இல் டிசிபி ஆவணத்தில் எழுதியது இத்தனை வருடம் மந்திரமாக ஓதப்பட்டது. அந்தத் தாராளம் காலப்போக்கில் நெறிமுறைகளையே கெடுக்கிறது என்று வாதிடும் ஆர்எஃப்சி 9413 2023இல் வந்தது. யூஆர்எல்லைவிட நல்ல சாட்சி அதற்குக் கிடைக்காது.

எங்கள் வெப்ஹூக் வாசலில் இப்போது வைத்திருக்கும் விதி கொஞ்சம் முரட்டுத்தனமானது. பதிவு செய்யும்போது இரண்டு தரங்களின் பார்சரிலும் வாசிக்கிறோம். இரண்டும் ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வேலிடேஷன் எர்ரர் இருந்தாலும் மறுப்பு. ஒரே முறை வாசி என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வாசிக்கிறாயே என்று அணியில் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. வாசலில் இரண்டு பேர் பார்ப்பது உள்ளே விடலாமா என்று முடிவு செய்ய. உள்ளே போவது ஒரே ஆப்ஜெக்ட்தான், அதன் பிறகு ஸ்ட்ரிங்கை யாரும் தொடுவதில்லை. நேர்மையான வாடிக்கையாளர்கள் கொடுக்கும் முகவரிகள் இதில் சிக்கியதாக எனக்கு நினைவில்லை. யாரும் வேண்டுமென்றே தன் எண்ட்பாயின்டில் பேக்ஸ்லாஷ் வைப்பதில்லை.

ஹோஸ்ட் சரி என்றானபின்னும் அது எந்த ஐபிக்குப் போகிறது என்பதை இணைப்பு திறக்கும் கணத்தில் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்து வைப்பது போதாது. அது டிஎன்எஸ் கதை, இங்கே வேண்டாம்.

இன்னும் அடைபடாத இடம் ரீடைரக்ட். நாங்கள் பொறுப்பாக ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும், எதிர்முனை 302, அதாவது வேறு முகவரிக்குப் போ என்ற பதில், கொடுத்தால் லொகேஷன் ஹெடரில் வருவது புத்தம் புதிய ஸ்ட்ரிங். பெரும்பாலான கிளையன்ட்கள் அதைத் தாங்களே வாசித்து, முந்தைய முகவரியோடு சேர்த்துத் தீர்த்து, எங்களைக் கேட்காமலே கிளம்பிவிடுகின்றன. தீர்த்த ஆப்ஜெக்டை, அதே டைப்பில், இணைப்புக்கு முன் என்னிடம் ஒரு முறை காட்டும் ஹூக் வேண்டும். நான் பயன்படுத்தும் கிளையன்டில் இருக்கும் ஹூக் ஸ்ட்ரிங்கைத்தான் தருகிறது, அதனால் பயனில்லை. இப்போதைக்குத் தானாக ரீடைரக்ட் தொடர்வதை அணைத்துவிட்டு, லொகேஷனை நாங்களே எடுத்து, அதே பார்சரில் முந்தைய ஆப்ஜெக்டை அடிப்படையாகக் கொடுத்து வாசித்து, வாசல் சோதனையை மறுபடி ஓட்டுகிறோம். ஐந்து தாவலுக்கு மேல் போனால் அந்தச் செய்தியைத் தோல்வி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம்.